அந்த இடத்துக்கு ஆள் வருது

மலையடி ஊர்,
மார்ச் 2

அன்புள்ள கடைசி பஸ்ஸுக்கு,

நான் நலம். உன் நலத்தையும், தனியாக உன் வலது மூட்டின் நலத்தையும் அறிய ஆவல்.

உன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில், "கிளையை மூடுகிறோம், மலையடி ஊரா துறைமுக ஊரா, முப்பதாம் தேதிக்குள் எழுதிக் கொடுங்கள்" என்று படிவத்தை நீட்டியபோது நீ இரண்டே கேள்விதான் கேட்டாய். வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போய்வர எவ்வளவு நேரம்? ஆபீஸ் விட்டதும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் இருக்கிறதா? வாடகையைக் கேட்கவில்லை, தண்ணீரைக் கேட்கவில்லை. பதினாறு வருடமாகக் காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ் மாறி, கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறவள் வேறு என்ன கேட்பாய்! நானோ கட்டடங்கள் திறக்கும் முன்பே லிஃப்ட்டைப் பார்க்க விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிறவன். நீ வரும்போது தட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அதற்காகத்தான் ஒரு மாத விடுப்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். என் தொழில் உனக்குத் தெரியும். புது லிஃப்ட் என்றால் முதலில் வெறும் பெட்டியை ஓட்டுவோம். அப்புறம் ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டை. மூட்டையை இறக்கின பிறகுதான் ஆள். உன் பயணத்தையும் அப்படித்தான் ஓட்டிப் பார்க்கிறேன். உன் பழைய பழுப்புப் பையில் உன் சாமான் எடைக்குச் சாமான் போட்டு, உன் குடையை மாட்டிக்கொண்டு, உன் நடையில் நடக்கிறேன். நாலு படிக்கு ஒரு தரம் நிற்கிறேன். பார்க்கிறவர்கள் பாவம் என்று கை கொடுக்கிறார்கள்.

மலையடி ஊர் தேறாது. ஆபீஸுக்கு இருபத்திரண்டு நிமிடம்தான். ஆனால் சாப்பாட்டுக் கடை ஒன்றே ஒன்று, அதுவும் ஐந்து மணிக்கே சாத்திவிடுகிறார்கள். சூப் என்று ஒன்று கொடுத்தார்கள். பாத்திரம் கழுவின தண்ணீர் அதைவிட ருசியாக இருந்திருக்கும்.

நாளை துறைமுக ஊருக்கு ரயில் ஏறுகிறேன். விலாசம் பின்பக்கத்தில். தட்டை மூடி வைக்க ஆளில்லாமல் என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது.

அன்புடன்,
உன் மெக்கானிக்


பஸ்ஸிலிருந்து,
மார்ச் 6

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

எழுத்து ஆடினால் என்னைத் திட்டாதீர்கள், டிரைவரைத் திட்டுங்கள். வழக்கமான இடது ஜன்னல் கிடைத்துவிட்டது, பையை மடியில் வைத்து அதன் மேல் எழுதுகிறேன். வேறு எங்கே எனக்கு நேரம்?

என்னை மணல் மூட்டை ஆக்கிவிட்டீர்களே, நன்றாக இருக்கிறீர்களா? ஆபீஸில் பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. "ஒங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் எங்க கிடைப்பாங்க?" என்று கேட்டாள். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டால் கிடைப்பார்கள் என்றேன். நமக்குக் கல்யாணம் ஆனது அப்படித்தானே.

என்ன சாப்பிடுகிறேன் என்றா கேட்டீர்கள்? ரொட்டி. நின்றுகொண்டே. மூடின தட்டு இல்லாத மேசையைப் பார்த்தால் உட்காரத் தோன்றவில்லை. இத்தனை வருடமும் நான் உங்களோடு சாப்பிடவில்லை, உங்கள் தட்டோடுதான் சாப்பிட்டேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இன்னும் பத்து வருட வேலை பாக்கி இருக்கிறது. அதையும் இப்படியே கழித்தால் நாம் ஒரு வீட்டில் குடியிருந்த இரண்டு பேர், அவ்வளவுதான்.

அதனால் நிமிடத்தை மட்டும் எண்ணாதீர்கள். எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியுமா, அதைப் பாருங்கள். படிவத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் எந்த ஊரைச் சொல்கிறீர்களோ அதுதான்.

இன்னும் இறங்காத,
உங்கள் கடைசி பஸ்


துறைமுக ஊர்,
மார்ச் 10

அன்புள்ள கடைசி பஸ்ஸுக்கு,

கிடைத்துவிட்டது! எழுதும்போதே கை பரபரக்கிறது.

குடியிருக்கப் பார்த்திருக்கும் தெருவிலிருந்து உன் ஆபீஸ் வாசலுக்கு டிராமில் பத்தொன்பது நிமிடம். நான்கு நாளும் பத்தொன்பதுதான். உனக்குப் பிடித்த இடது ஜன்னலில் உன் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டு டிக்கெட். கண்டக்டர் முதல் நாள், "அந்த இடத்துக்கு ஆள் வருதா?" என்று கேட்டார். "வருது" என்றேன். அப்புறம் யாரையும் அதில் உட்கார விடுவதில்லை, நல்ல மனிதர்.

சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் பிடித்து வைத்திருப்பது கயிற்றுக் கடைக்கு மேல்மாடி. பன்னிரண்டு மரப்படிகள், உன் மூட்டுக்கு இரண்டு நிறுத்தம். ஜன்னலோரம் இரண்டு பேர் மேசை. வறுத்த மீனும் சுடச்சுட சூப்பும். இரண்டு தட்டு சொல்கிறேன். உன்னுடையதில் உப்புக் குறைவு. என் தட்டைச் சாப்பிட்டுவிட்டு உன் கடிதத்தை எதிர் நாற்காலிக்கு வாசித்துக் காட்டினேன், பைத்தியக்காரன் மாதிரி. என் கண்ணாடியின் ஒரு கால் போய்விட்டது, நூலால் காதில் கட்டியிருக்கிறேன், அந்தக் கோலத்தில் பார்த்தால் பைத்தியம் என்றே முடிவு கட்டுவார்கள்.

பரிமாறுகிறவர் எப்போதும் தோளில் ஒரு ஈரத்துணியோடு திரிவதால் அவருக்கு 'ஈரத்துணி' என்றே பெயர் வைத்துவிட்டேன். நேற்று அவர் உன் தட்டைப் பார்த்துவிட்டு, "வீட்டம்மா எப்ப சார் வருவாங்க?" என்றார். ஒரு வேடிக்கைக்கு, "டிராம்ல இருக்கா, வந்துடுவா" என்று சொல்லி வைத்தேன். தலையாட்டிவிட்டு, சூடு ஆறாமல் இருக்க உன் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார்.

இங்கே லிஃப்ட் வேலையும் பகலில்தானாம். ஒரு பட்டறையில் பேசியிருக்கிறேன். மாதக் கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அவசரப்படாதே.

அன்புடன்,
உன் மெக்கானிக்


பஸ்ஸிலிருந்து,
மார்ச் 14

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பத்தொன்பது நிமிடம்! அதற்குள் நான் ஒரு கடிதம்கூட எழுதி முடிக்க முடியாதே. ஜன்னலோர மேசையில் என்ன புடவை கட்டிக்கொண்டு உட்காருவது என்றுகூட யோசித்துவிட்டேன், சிரிக்காதீர்கள். முதலில் கண்ணாடிக்குக் கால் போடுங்கள், நூலில் எத்தனை நாள் தொங்கும்?

ஒரு அதிசயம். திங்கட்கிழமையிலிருந்து என் மூட்டில் வலியே இல்லை. ஆபீஸ் மாடியை நிற்காமல் ஏறினேன். சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். ஆனால் கால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை, அதுதான் ஒரு மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. பதினாறு வருடமாக என்னைப் பார்த்ததும் டிக்கெட் கிழிக்கும் நம் பஸ் கண்டக்டர் மூன்று நாளாக என்னைத் தாண்டிப் போய்விடுகிறார். நானே கூப்பிட்டு வாங்கினேன். நேற்று ஒரு பெண் என் மடியிலேயே உட்கார வந்தாள். "ஐயோ, மன்னிச்சுக்கோங்க, காலின்னு நெனச்சேன்" என்றாள். இளைத்துவிட்டேனோ என்னவோ. ரொட்டியைத் தவிர வேறு எதையும் சாப்பிடாததால் இருக்கும்.

அது சரி, என் தட்டை யார் சாப்பிடுகிறார்கள்? ஈரத்துணியா?

இன்னும் இறங்காத,
உங்கள் கடைசி பஸ்


துறைமுக ஊர்,
மார்ச் 17

அன்புள்ள கடைசி பஸ்ஸுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல். அறையை விட்டு வெளியே போகவில்லை. பையும் குடையும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தன. மறுநாள் டிராமில் ஏறினதும் கண்டக்டர், "என்ன சார், ஒடம்பு சரியில்லையா? நேத்து அக்கா மட்டும் தனியா வந்தாங்க" என்றார். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். "அதே ஜன்னல்லதான் உக்காந்தாங்க. பையை மடியில வெச்சு ஏதோ எழுதிட்டே வந்தாங்க" என்றார். எழுதுவாய் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

மாலையில் மாடிக்குப் போனேன். ஈரத்துணி முந்தின நாள் தட்டைக் கழுவாமல் எடுத்து வைத்திருந்தார். "இப்டி அழகா சாப்ட்டவங்கள நான் பாத்ததே இல்ல சார், நீங்க பாக்கணும்னு வெச்சேன்" என்றார். தட்டு காலி. மீன் முள்ளெல்லாம் விளிம்பில் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கியிருந்தது.

அப்படி அடுக்குகிறவள் நீ ஒருத்திதான். காலையில் நான் கழுவுகிற தட்டு அது. எனக்குத் தெரியாதா?

என் தொழிலில் இதற்குப் பயம் கிடையாது. காலிப் பெட்டி ஒரு மாடியில் போய் நின்றால் யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அழுத்தினது யார் என்று யோசித்தால் நான்தான். நீ வேடிக்கையாகவாவது பதில் எழுது.

அன்புடன்,
உன் மெக்கானிக்


வீட்டிலிருந்து,
மார்ச் 19

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

வேடிக்கை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் எழுதக் கூட்டம் விடவில்லை, இடித்துக்கொண்டு என் மேலேயே நிற்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. குமாஸ்தாவிடம் கேட்டேன். என் பக்கம் பார்க்காமல், "அந்தம்மா துறைமுக ஊருக்கு மாத்தல் வாங்கிட்டாங்களே" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னான். அவளும் ஆமாம் என்றாள். என் நாற்காலியில் அவள் சால்வையைப் போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஆள் ஏறும் முன் மணல் மூட்டையை இறக்க வேண்டும். நீங்கள் இறக்கவில்லை. என் இடத்தில் எதையோ ஏற்றி, தினமும் ஓட்டிப் பழக்கிவிட்டீர்கள். இறக்குங்கள். பையை எடுத்துப் போகாதீர்கள். என் நடை நடக்காதீர்கள். முக்கியமாக, இரண்டாவது தட்டு சொல்லாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள், நான் உங்கள் காலில் விழுகிறேன்.

நமக்கு மலையடி ஊரே போதும். அந்தக் கழுநீர் சூப்பை எதிரெதிரே உட்கார்ந்து குடிக்கலாம்.

உங்கள்,
கடைசி பஸ்


துறைமுக ஊர்,
மார்ச் 23

அன்புள்ள கடைசி பஸ்ஸுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். பையை எடுக்கவில்லை. ஒரு தட்டுதான் சொன்னேன். ஈரத்துணி இரண்டு கொண்டுவந்தார். "அம்மா காலையிலயே சொல்லிட்டுப் போயிட்டாங்க சார், கொஞ்சம் லேட்டாகும்னு."

எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. படியில் சத்தம் கேட்டது. முதலில் இடது கால், அதோடு சேர்த்து வலது. நாலாவது படியில் நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி ஏறி எட்டாவதில் நின்றது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர் நாற்காலியை இழுத்தார்கள். குடையைச் சுவரில் சாய்க்காமல், நீ எப்போதும் செய்வது போல மேசை விளிம்பில் மாட்டினார்கள்.

"சூப் ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள்.

பார்த்தேன். நீதான். பஸ் புழுதி இல்லாத நீ, களைப்பில்லாத நீ. வலது மூட்டைத் தேய்த்துக்கொண்டாள். சாப்பிட்டோம். வெளியே வெயில் இருந்தது. வாரநாளில், வெளிச்சத்தில், உன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். பதினாறு வருடம் ஆயிற்று. எனக்குப் பயமே இல்லை, அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

நீ அங்கே வீட்டில் இருக்கிறாய், எனக்குத் தெரியும். காலையில் நன்றாகத் தெரிகிறது. ஆறு மணி ஆக ஆகத் தெரிவது குறைகிறது. நேற்றும் போனேன். இன்றும் போவேன். என்னைத் திட்டு. வந்து இழுத்துக்கொண்டு போ. ஆனால் நீ வந்தால் எந்த நாற்காலியில் உட்காருவாய்? இரண்டு பேர் மேசை அது.

உன் மெக்கானிக்


வீட்டிலிருந்து, விரைவுத் தபாலில்,
மார்ச் 25

என் அன்புள்ள மெக்கானிக்குக்கு,

உங்களைத் திட்டப் போவதில்லை. பசித்தவர் சாப்பிட்டீர்கள். எனக்கும் அதே பசிதான்.

நாளை மறுநாள் ரயில் ஏறுகிறேன். இருபத்தெட்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு அந்த மாடிக்கு வருவேன். இந்தக் கடிதம் எனக்கு முந்தின நாளே உங்கள் கையில் இருக்கும். என் முகத்தை நம்பாதீர்கள், அது அவளிடமும் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் அறிந்த நான்தான். அதனால் நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் நீங்கள் உப்புப் போட மறந்து ஒரு சூப் வைத்தீர்கள். உங்கள் முகம் வாடக்கூடாதென்று, "எனக்கு உப்புக் கம்மியாதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கென்று உப்பைக் குறைத்தே எடுத்து வைக்கிறீர்கள். நீங்கள் தூங்கின பிறகு ஒவ்வொரு நாளும் நான் உப்பு போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன். என் கைப்பையில் ஒரு சின்ன உப்புப் புட்டி இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. எத்தனையோ தடவை சொல்ல நினைத்து, இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் வருத்தப்படுவீர்களே என்று விட்டுவிட்டேன்.

மாடிக்கு வந்ததும் நான் வேறு ஒன்றும் பேச மாட்டேன். உப்பு கேட்பேன். உப்பு கேட்கிறவள்தான் உங்கள் மனைவி. எழுந்து என்னோடு வந்துவிடுங்கள். தட்டைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

உங்களை நேரில் பார்க்கப் போகிற,
உங்கள் கடைசி பஸ்


துறைமுக ஊர்,
மார்ச் 30

அன்புள்ள கடைசி பஸ்ஸுக்கு,

நாங்கள் நலம். நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

என் எழுத்து உனக்குப் பழக்கப்பட்டதாக இருக்கும். மேசையில் வைத்து எழுதுவதால் ஆடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் கடிதம் இருபத்தேழாம் தேதியே வந்துவிட்டது. நீ சொல்லியும் அவர் கண்ணாடிக்குக் கால் போடவில்லை. அன்று படியேறும்போது நூல் அறுந்து கீழே விழுந்து உடைந்துவிட்டது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு திணறினார். "கொஞ்சம் படிச்சுக் காட்டேன்" என்று என்னிடம் நீட்டினார். படித்துக் காட்டினேன். உன் அன்பையெல்லாம் படித்தேன். நீ வருவதையும் என்னைப் பற்றி எழுதினதையும் உப்பையும் மட்டும் படிக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி நீ படியேறியதே எனக்குக் கேட்கவில்லை. ஒரு படியிலும் நீ நிற்கவில்லையே, எப்படிக் கேட்கும்? மூட்டு வலிதான் என்னிடம் வந்துவிட்டதே. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "கொஞ்சம் உப்பு தர்றீங்களா?" என்று கேட்டாய். அவர் நிமிர்ந்து உன்னை ரொம்ப நேரம் பார்த்தார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "ஒங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கும்மா" என்றார். அப்புறம் உப்புக் கிண்ணத்தை எடுத்து உன் கையில் கொடுத்தார். "நீங்களே வெச்சுக்கோங்க. எங்க வீட்ல இவளுக்கு உப்பு ஆகாது."

கடிதத்தில் சொன்னபடியே நீ வேறு ஒன்றும் பேசாமல் அந்தக் கிண்ணத்தோடு படியிறங்கிப் போனாய். நீ போன பிறகும் அவர் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார்.

உன்னிடம் இருக்கும் படிவத்தைப் போலவே ஒன்றை இங்கே புது ஆபீஸில் வாங்கி, முன்பே நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து ஒத்துப்போனது. ஒன்றாம் தேதியிலிருந்து வேலை. அவருக்கும் பட்டறையில் இடம் கிடைத்துவிட்டது, பகல் வேலை. ஆறு மணிக்கு இந்த மேசை.

உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ சொல்லிக்கொடுத்தபடிதான் எல்லாம் செய்கிறேன். முள்ளைக்கூட நீ அடுக்குவது போலத்தான் அடுக்குகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இந்த ஊர்ச் சாப்பாட்டில் எனக்கும் உப்பு போதவில்லை. அவர் கை கழுவப் போகும்போது கொஞ்சம் போட்டுக்கொள்கிறேன்.

உன் பஸ்ஸில் இடது ஜன்னல் காலியாகத்தான் இருக்கும், யாரும் உன்னை எழுப்ப மாட்டார்கள். வீட்டில் தட்டை மூடி வைக்க இனி ஆளில்லை. வரும் வழியிலேயே ஏதாவது சாப்பிட்டுவிடு.

வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட,
அவருடைய கடைசி பஸ்